வீட்டு மொழி தெரியாத டீச்சர்

காய்கறிக் கடைக்காரர் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நல்ல பெண்தான், ஆனால் திடீர் திடீரென்று பேச்சு நின்றுபோகிற வியாதி. வெண்டைக்காய் முற்றல், தக்காளி நசுங்கல் என்று அவரோடு வாய் ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அப்போது பார்த்து ஏதாவது ஒரு குழந்தை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நிற்கும். உடனே இவள் வாய் பூட்டிக்கொள்ளும். விரலால் தக்காளியைக் காட்டுவாள், விரலாலேயே எவ்வளவு என்று சொல்லுவாள், தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். புருஷன் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டக்கூடாதா என்று கடைக்காரர் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

அது வியாதி இல்லை, வேலை. பிள்ளைகளை ஒரு புது மொழிக்குள் அப்படியே முக்கி எடுக்கிற பள்ளி ஒன்றில் அவள் துணை டீச்சர். வீட்டில் ஒரு மொழி பேசிவிட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கணக்கு, பாட்டு, கை கழுவுவது, மூக்கைச் சிந்துவது எல்லாமே அங்கே பள்ளி மொழியில்தான். டீச்சருக்கு நம் வீட்டு மொழி தெரியும் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் போச்சு, அப்புறம் அது எதற்குப் பள்ளி மொழியில் கஷ்டப்படப்போகிறது? அதனால் டீச்சர்கள் பள்ளி கேட்டைத் தாண்டும்வரை வீட்டு மொழியை வாயில் எடுக்கக்கூடாது என்பது அங்கே விதி. மற்றவர்கள் கேட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் மட்டும் காய்கறிக் கடைவரை கொண்டுபோனாள். சக டீச்சர்களிடமும் அவளுக்குப் பள்ளி மொழிதான், தன் வகுப்புப் பிள்ளை கண்ணில் பட்டால் தெருவிலும் அவள் பள்ளி மொழிக்காரிதான். இத்தனைக்கும் அவள் பிறந்ததும் வளர்ந்ததும் சண்டை போட்டதும் கல்யாணம் பண்ணிக்கொண்டதும் அதே வீட்டு மொழியில். பள்ளி மொழியைப் பிறகு கற்றுக்கொண்டவள், அதில் பிறந்தவளைப் போலப் பேசினாள். அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

இந்த வேடத்துக்கு ஒரு விலை இருந்தது. தங்கள் மொழி தெரியாதவள் என்று நம்புகிறவள் முன்னால் மனிதர்கள் சுவருக்கு முன்னால் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். பள்ளி வாசலில் பிள்ளையை ஒப்படைக்கும் அம்மா பல் தெரியச் சிரிப்பாள், கும்பிடுவாள், திரும்பிப் பக்கத்து அம்மாவிடம், "இஞ்சி தின்ன மாதிரி மூஞ்சி, சிரிச்சா முத்து கொட்டிடுமா?" என்பாள். அவள் நடை, செருப்பு, காதுக்குப் பின்னால் நரைக்கிற முடி எல்லாம் அலசப்படும். அவளும் ஒன்றும் புரியாதவளாகத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பாள். வருடக்கணக்கில் இதைக் கேட்டால் யாருக்குத்தான் மனம் கோணாது? முகத்துக்கு நேரே சொல்வது ஒன்று, முகம் திரும்பியதும் சொல்வது வேறொன்று என்பது அவளுக்கு எலும்பில் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வணக்கம் சொன்னால்கூட, இவள் இப்போது எதற்கு வணக்கம் சொல்கிறாள் என்று சாயங்காலம்வரை யோசிப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் அவளை சிஐடி என்றே கூப்பிட்டார். உன் பார்வைக்கு என் கடையில் லென்ஸ் கிடையாது என்பார்.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. சாப்பிடும்போதெல்லாம் அதைக் கணவரிடம் சொல்லுவாள், அவரும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார். முதலில் வகுப்பு டீச்சர். அதற்குப் பிறகு புது டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. அதன்பின் ஊர் ஊராகப் போய், ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்காமல் ஒரு பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று செய்து காட்டுவது. எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள். பிள்ளை ஒற்றை வார்த்தை சொன்னால் அதையே முழு வாக்கியமாக்கித் திருப்பிக் கொடுக்கிற வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தண்ணீர் ஆவியாவதை ஒரு ஈரத்துணியையும் தன் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டே புரியவைப்பாள், வகுப்பு டீச்சர்களே ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். ஆனால் வகுப்பு டீச்சர் இடம் காலியாகும் ஒவ்வொரு தடவையும் அவளைத் தாண்டி வேறு யாராவது போய் உட்கார்ந்தார்கள். ஒருமுறை ஆபீஸ் கிளார்க்தான் குழி பறித்தார் என்று நம்பினாள். அடுத்தமுறை பாட்டு டீச்சர். இருவரோடும் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தங்கள் மேல் என்ன கோபம் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது ஒன்றாம் வகுப்பு டீச்சர் கணவரோடு வெளியூர் போகிறார். இந்த இடமும் போனால் திட்டம் அத்தோடு முடிந்தது. அவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை ஒளித்து விளையாட்டுக் காட்டும் துணை டீச்சராகவே ரிட்டயர் ஆகவேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் பார்த்து ஒரு புதுசு வந்து சேர்ந்தாள். சின்னப் பெண், இழுத்துக் கட்டிய குதிரைவால், எதற்கெடுத்தாலும் ஒரு புன்னகை. என்ன வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் எல்லாத்தையும் பார்க்கட்டும்," என்றதோடு பெரிய டீச்சர் நிறுத்திக்கொண்டார். பெரிய டீச்சர் என்பது தலைமையாசிரியை. பள்ளி மொழி பேசும் சீமையிலிருந்து சில வருடங்களுக்கு முன் வந்தவர், வீட்டு மொழியில் அவருக்கு ஆட்டோவை நிறுத்தச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான்.

புதுசு பார்த்தாள். எல்லாவற்றையும் இல்லை, இவளை மட்டும். இவள் கதை சொன்னால் பின்பெஞ்சில் உட்கார்ந்து இவள் வாயையே பார்த்தாள். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பெற்றோர்களோடு வீட்டு மொழியில் கலகலவென்று பேசினாள், பேச்சுக்கு நடுவே இவள் பக்கம் கை நீட்டினாள். பெரிய டீச்சர் அறையில் இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் வராந்தாவில் நடந்தால் பேச்சு சட்டென்று நின்றது. ஒருநாள் கதவும் சாத்தப்பட்டது. இதற்குமேல் ஒருத்திக்கு என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் பெயிண்ட், பசை எல்லாம் வைக்கிற சின்ன ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கணவருக்கு போன் போட்டாள். பள்ளிக்குள் அவள் ஒருநாளும் செய்யாத காரியம். ஆத்திரத்தில் வாயிலிருந்து வந்தது சுத்தமான வீட்டு மொழி.

"நான் சொல்றேன் பாருங்க, அவ பாம்பு. சிரிச்சுக்கிட்டே என் பின்னாடி வந்து என் தொழிலைக் கத்துக்கிட்டு என் இடத்துலயே உட்காரப்போறா. அந்தம்மாவும் கூட்டு. எல்லாரும் சேர்ந்து எனக்குக் குழி வெட்டுறாங்க."

மறுமுனையில் அவர், தன் முன்னால் ஒருவர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருப்பதாகவும், ராத்திரி பேசலாம் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசலில் புதுசு நின்றுகொண்டிருந்தாள், கையில் காலிப் பசை பாட்டில். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புதுசு அதே புன்னகையோடு பள்ளி மொழியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புது பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விதியை மீறியதற்கே வேலை போகலாம். மீறிச் சொன்னதோ பாம்பு, குழி. இன்று கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. புதுசு மூச்சு விடவில்லை. அது இவளை இன்னும் பயமுறுத்தியது. உடனே போட்டுக்கொடுக்கிறவளைச் சமாளித்துவிடலாம், நல்ல சமயம் பார்த்து வைத்திருப்பவளை என்ன செய்வது?

ஒருநாள் காலை பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனால், பக்கத்து நாற்காலியில் புதுசு. சரி, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெரிய டீச்சர் சிரித்தார். ஒன்றாம் வகுப்பு இனி உங்களுடையது என்றார், பள்ளி மொழியில். பள்ளியிலேயே நல்ல டீச்சர் யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்றும், முன்பே கொடுத்திருக்க வேண்டியது என்றும் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான் ஒவ்வொரு தடவையும் குறுக்க நின்னுது. வகுப்பு டீச்சர்னா பெத்தவங்களோட பேசணும். உங்களுக்குத்தான் அவங்க பாஷை ஒரு வார்த்தையும் தெரியாதே. அதான் நிர்வாகத்தோட சண்டை போட்டு இந்தப் பொண்ணை வரவழைச்சேன். உங்க பக்கத்துல உட்கார்ந்து மொழிபெயர்ப்பா. உங்க மனசு புண்படக்கூடாதுன்னு முடிவாகிற வரைக்கும் சொல்லல."

கிளார்க் இல்லை. பாட்டு டீச்சர் இல்லை. யாருமே குழி வெட்டவில்லை. இத்தனை வருடமும் ஒரு தடவைகூடத் தவறாமல் ஊமையாக நின்று, தன் குழியைத் தானே அழகாக வெட்டியிருக்கிறாள். எந்தத் திறமையைக் காட்டி மேலே போகலாம் என்று நினைத்தாளோ அதுவே காலைக் கட்டியிருக்கிறது.

திரும்பிப் புதுசைப் பார்த்தாள். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. இப்போது இவளுக்கு எல்லாம் புரிந்தது. இவளுக்கு வீட்டு மொழி தெரியும் என்று புதுசு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், புதுசுக்கு அங்கே வேலை இல்லை. இனி இவளும் சொல்லவேண்டியதில்லை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் பிழைப்பு. சந்தேகப்பட்டது வீண்போகவில்லை, அந்தப் பெண் எதையோ மறைக்கத்தான் செய்தாள் என்று ஒரு அற்ப திருப்திகூட வந்தது.

யோசிக்க நேரம் கொடுக்காமல், ஒரு அப்பா வந்திருக்கிறார், இப்போதே ஆரம்பித்துவிடலாம் என்றார் பெரிய டீச்சர். வந்தவர் ஏசி மெக்கானிக், கையில் கிரீஸ் கறை போகாத மனிதர். அவருடைய மகள் இந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறாள். போன வருடம் விளையாடும்போது விழுந்து முழங்கால் கிழிந்தபோது, இவள்தான் கழுவி மருந்து போட்டாள். அந்தக் குழந்தை வீட்டு மொழியில் எரியுது எரியுது என்று கதற, இவள் பள்ளி மொழியில் "வலிக்கிறது" என்று மறுபடி மறுபடி சொல்லிக்காட்டினாள். கடைசியில் குழந்தை அழுதுகொண்டே பள்ளி மொழியில் "வலிக்கிறது" என்றது. அன்று அவள் வீட்டுக்குப் போய் அதை ஒரு வெற்றியாகக் கணவரிடம் சொல்லியிருந்தாள்.

அப்பா வீட்டு மொழியில் பேசினார், புதுசைப் பார்த்து. டீச்சர் கெட்டிக்காரியாக இருக்கலாம், ஆனால் கல்லு மாதிரி முகம், குழந்தை அடிபட்டுக் கத்தினாலும் பாடம்தான் நடத்துவார், வகுப்பில் நம் பாஷை தெரிந்த ஒரு ஈரமுள்ள ஆளும் வேண்டும் என்றார். புதுசு இவள் பக்கம் திரும்பினாள். குழந்தைக்கு உங்கள் மேல் நிறையப் பிரியம், கொஞ்சம் பயமும் இருக்கிறது என்கிறார் என்று மெல்லச் சொன்னாள்.

இவளுக்கு எல்லாம் புரியும் என்று தெரிந்தும் அவள் அப்படிச் சொன்னாள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மென்மை தேவையே இல்லை. அப்பா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம், பாம்பு என்றவளுக்கு அது ஒரு நல்ல கொத்தாகவும் இருந்திருக்கும். இவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்குப் புரியுதுங்க," என்றாள், வீட்டு மொழியில், அவரைப் பார்த்து. "அன்னைக்கும் புரிஞ்சுது."

பெரிய டீச்சருக்கு அந்த வார்த்தைகள் புரியவில்லை. ஆனால் அவை எந்த மொழி என்று புரிந்தது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. அப்பா புதுசை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"என் பொண்ணு அன்னைக்கு வீட்டுக்கு வந்து, டீச்சருக்கு நம்ம பாஷை தெரியாதுப்பா, பாவம், அதான் பதில் சொல்லலன்னு சொன்னா. உங்களைப் பாவம்னு சொன்னா. நீங்க தெரிஞ்சேதான் பேசாம இருந்தீங்களா?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பயிற்சியில் கற்றுக்கொண்ட காரணங்களை அவரிடம் எடுக்கவில்லை.

அவர் போனபின் அவள் பெரிய டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, கேட்காமலே, புதுசை அனுப்பக்கூடாது என்றாள். பெற்றோரோடு நானே பேசிக்கொள்கிறேன், ஆனால் வகுப்பில் அடிபட்டால் பதில் சொல்ல வீட்டு மொழி தெரிந்த ஒருத்தி வேண்டும், அது இவளாக இருக்கட்டும், நான் பாடத்துக்கு இருக்கிறேன் என்றாள். பெரிய டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். இத்தனை வருடம் என்னையே ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றார், அது திட்டா பாராட்டா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில், ஒரு வருடம் பார்ப்போம், இரண்டு பேருமே இருங்கள் என்றார். இவ்வளவு சுலபமாக ஏன் சம்மதித்தார் என்ற யோசனை அவளுக்கு உடனே ஆரம்பித்துவிட்டது.

வராந்தாவில் புதுசு அருகில் வந்து, முதல்முறையாகக் கேட்டுக்கு உள்ளே வீட்டு மொழியில் பேசினாள், காதோடு.

"அக்கா, பாம்புன்னு சொன்னீங்க, பரவாயில்ல. ஆனா நான் உங்க இடத்துல உட்காரப்போறேன்னு சொன்னீங்க பாருங்க, அது நிஜம். எப்பவாவது ஒருநாள். அதுக்குத்தான் உங்க வாயையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. பாடம் தொடங்க நேரமாகிறது என்று பள்ளி மொழியில் சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒன்றாம் வகுப்பு தொடங்கிய நாள் அந்தக் குழந்தை வாசலிலேயே நின்றுவிட்டது. அப்பா வீட்டில் சொல்லியிருக்கவேண்டும். கண்ணை இடுக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தது. அந்தப் பார்வை எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வைதான். குழந்தை பக்கத்திலிருந்த தோழியின் காதில் குனிந்து, டீச்சருக்கும் கேட்கிற மாதிரி வீட்டு மொழியில் சொன்னது.

"டீச்சர் தலையில பெரிய பேன் ஊருது."

முகம் அசையவில்லை. எத்தனை வருடப் பயிற்சி, ஒரு தசைகூட ஆடவில்லை. கை மட்டும் தானாக எழுந்து தலைக்குப் போய்விட்டது.

குழந்தை சிரிக்கவில்லை. கவுனை முழங்காலுக்கு மேல் தூக்கி, ஆறிப்போன தழும்பைக் காட்டியது. "அன்னைக்கு ரொம்ப எரிஞ்சுது டீச்சர்," என்றது, அதே மொழியில்.

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பெஞ்சிலிருந்து புதுசு எழுந்து வரப்பார்த்தாள். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு அவள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள், தழும்பின்மேல் கையை வைத்தாள்.

"தெரியும்டா," என்றாள்.