மாப்பிள்ளையின் விலா

எனக்குச் சாமியும் கிடையாது, பேயும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் பதினேழு வருடமாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். துளை சரியாக இருக்கிறது என்று மேனேஜரே சொன்னாலும், அளவு பார்க்கும் கேஜை உள்ளே விட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

என் தங்கை செல்விக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. எங்கள் ஊர் சாமல்பட்டியில் இருந்தவளை எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் சேகருக்கு நான்தான் கட்டிக்கொடுத்தேன். கல்யாணமான மூன்றாம் வருடம் சேகர் ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தான், பிறகு அவளையும் கூட்டிப்போனான். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கேலியோடு விட்டிருந்தேன். ஒருநாள் கேன்டீனில் ஒரு கதை சொன்னான். இயேசு உயிரோடு எழுந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னபோது, ஒரு சீடர் மட்டும் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாராம்.

"அந்தக் கூட்டத்துல அவரு ஒருத்தருதான் மாப்ள ஒழுங்கான ஆளு. நம்ம கியூசி டிபார்ட்மென்ட்ல சேத்துக்கலாம்" என்றேன். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓவர்டைம் முடித்து, மதியம் இரண்டு மணிக்கு நேராக அவர்களுடைய லைன் வீட்டுக்குப் போனேன். செல்வி காலையில் வலிப்பு வந்து எரிகிற அடுப்பின்மேல் விழுந்திருந்தாள். கழுத்திலிருந்து காதுவரை வெந்து, மருந்து பூசி உட்கார்ந்திருந்தாள். குப்பைக் கூடையில் அவளுடைய மாத்திரை அட்டைகள் கிடந்தன, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"எத்தன நாளா மாத்திர போடல?" என்று கேட்டேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மச்சான், அவள ஒண்ணும் கேக்காதீங்க. தப்பு என்னுதுன்னே வெச்சிக்கங்க" என்றான் சேகர்.

விட்டேன் ஒரு அறை. தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினேன், புருவம் கிழிந்தது. கீழே விழுந்தவனை வயிற்றில் மிதித்தேன். செல்வி அலறிக்கொண்டு, வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட வெளியே ஓடினாள். அவன் கையைக்கூட ஓங்கவில்லை. அதுதான் எனக்கு வெறியைக் கிளப்பியது. "திருப்பி அடிடா! எங்கடா உன் சாமி? இருந்தா இப்ப வந்து காட்டச் சொல்லு!" என்று கத்தினேன். பையில் ஸ்கிரேப்பர் இருந்தது, வார்ப்பில் பிசிறு சீவுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் மூன்று பக்கமும் கூரான கத்தி. எடுத்தது எனக்கு நினைவில்லை. குத்தியது நினைவிருக்கிறது. இடது விலாவுக்குக் கீழே பிடிவரை இறங்கியது.

உருவியதும் ரத்தம் என் முழங்கைவரை வந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், துளை. அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது. துணி வைத்து அழுத்தவில்லை, ஆளைக் கூப்பிடவில்லை. எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஆள்காட்டி விரலை உள்ளே விட்டேன். பதினேழு வருடப் பழக்கம். விரல் முழுசாகப் போயிற்று. உள்ளே கொதிக்கிற சூடு, விரல் நுனியில் ஏதோ தட்டித் தட்டித் துடித்தது.

சேகர் என் கண்ணையே பார்த்து, நிதானமாகக் கேட்டான்.

"பாத்துட்டீங்களா மச்சான்? போதுமா?"

விரலை வெடுக்கென்று இழுத்தேன். அதற்குள் செல்வி வந்துவிட்டாள். "மச்சானுக்கு மூக்குல ரத்தம் வந்துருச்சி, துண்டு எடு" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து உட்கார்ந்தான். அவன் இடுப்பை நான் துடைத்தேன். துளை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வெள்ளையாக ஒரு தழும்புதான் இருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புருவத்துக்குத் தையல் போட்ட டாக்டர், "இது பழைய தழும்புங்க, பத்து வருஷமாவது இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் கவனித்தேன். ஆள்காட்டி விரலில் அப்பா போட்டுவிட்ட ஐம்பொன் மோதிரம் இருக்கும். மஞ்சள் காமாலை வந்து இளைத்த பிறகு கழன்றுவிடாமல் அடியில் விரலோடு சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தேன். நூல் விரலில் இருந்தது. மோதிரம் இல்லை.

ஒரு வாரம் கழித்து செல்வி அழுதுகொண்டே சொன்னாள், மாத்திரையை நிறுத்தியது அவளேதான். ஜெபம் மட்டும் போதும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாளாம். ஜெபமும் பண்ணு, மாத்திரையும் போடு என்று தினமும் அவன் கெஞ்சினானாம். அவளுக்கு என்னிடம் அடி விழக்கூடாது என்றுதான் அன்று பழியை வாங்கிக்கொண்டான். நான் மனிதனே இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

எங்கள் கம்பெனியில் தூசி என்பதால் வருடா வருடம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த வருடம், சட்டையில் எதையோ வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று டாக்டர் சேகரைத் திட்டி, சட்டையைக் கழற்ற வைத்து மறுபடி எடுத்தாராம். இரண்டு ஃபிலிமிலும் கடைசி விலாவுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். சேகர் அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அளவு எடுக்கவே தேவையில்லை, ஆனாலும் எடுத்தேன்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துரு மாப்ள" என்றேன்.

"வெச்சவங்க செல்வி முன்னால வாயத் தெறந்து கேக்கட்டும் மச்சான். குடுத்துடறேன்."

கேட்டால், குத்தினேன் என்று செல்வியின் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று முறை அவர்கள் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

இந்த வருட ஃபிலிமும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் ஃபிலிமையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்துவிட்டேன். மோதிரம் ஒரு விலா மேலே ஏறியிருக்கிறது, இதயத்தின் நிழலுக்கு இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. நேற்றுகூட கேன்டீனில் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான், இடது கையால் விலாவைத் தடவிக்கொண்டே என் விரலைப் பார்த்தான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.