மட்டமான மரத்தில் செய்த விண்கப்பல்

ஞாயிறு காலை பத்து மணிக்கு டிவியில் அந்த விண்கப்பல் தொடர் வந்த காலத்தில் என் கடையில் உட்கார இடம் இருக்காது. காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்குப் போட்ட நாற்காலிகளில் எல்லாம் பக்கத்துக் கடைக்காரர்கள் உட்கார்ந்து, தமிழில் பேசும் வெளிநாட்டுக் கேப்டனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாங்க வந்தவர்கள்தான் நிற்க வேண்டும்.

முதல் மாதமே என் மானம் போனது. "கப்பல் புழுத்துளைக்குள் சிக்கிவிட்டது" என்று கேப்டன் கத்தினார். புழு அரித்த மரத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற எனக்கு வேறென்ன தோன்றும்? "பர்மாத் தேக்குல செஞ்சிருந்தா புழு விழுந்திருக்குமா? மட்டமான மரம்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. பத்து வயது மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அய்யோ அப்பச்சி, அது வானத்துல ஒரு குறுக்கு வழி. அங்குட்டு நுழைஞ்சா இங்குட்டு வந்துரலாம்."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பக்கத்தில்தான் உட்காருவேன். புரியாததைக் கேட்க ஆள் வேண்டுமே.

அப்புறம் வளர்ந்து, படித்து முடித்து, அவள் வேலைக்காகப் புனே போனாள். தொடர் முடிந்ததும் பதினோரு மணிக்குப் போன் வரும். அரை மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து கேப்டனைத் திட்டுவோம். மற்றதெல்லாம் அவள் அம்மாவிடம் பேசுவாள். எனக்கு அந்த அரை மணி நேரம்தான் மகள்.

தொடருக்கும் வயதாகிவிட்டது. செத்தவனெல்லாம் எழுந்து வந்தான். ஒரே கிரகத்தை நாலு தடவை காப்பாற்றினார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் கிரிக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். "இன்னுமாண்ணே இதையெல்லாம் பாக்குறீக?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். சேனல்காரன் அதை மத்தியானத்துக்குத் தள்ளினான், பிறகு விடிகாலை ஐந்தரைக்கு. கடன்காரப் பயல் என்று திட்டிக்கொண்டே, பல்கூட விளக்காமல் வீட்டு டிவி முன்னால் உட்காருவேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் அது எப்போதோ சலித்துவிட்டது. தொடர் நின்றால் போனும் நின்றுவிடுமே என்கிற பயம்தான்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கித் தொலைத்துவிட்டேன். வழக்கம்போலப் பதினோரு மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"பாத்தீகளா அப்பச்சி?"

"பாக்காம? கப்பல் தப்பிச்சிருச்சுல்ல" என்று அடித்துவிட்டேன்.

"ஆமா. கேப்டன் அழுததுதான் தாங்கல."

போனை வைத்ததும் என் மனைவி சமையல்கட்டிலிருந்து வந்தாள். "எந்தக் கப்பலைப் பாத்தீக? நீங்க தூங்கயில நான்தான் டிவியப் போட்டேன், அந்த நேரம் பூராம் சட்டி விக்கிற விளம்பரந்தான ஓடுச்சு. இனிமே அந்தத் தொடர் கிடையாதுன்னு கீழ எழுத்து வேற போட்டான்."

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ஓடாத தொடரில் கேப்டன் எப்படி அழுதார்? உடனே மகளைத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"நீ பாக்குறத எப்ப விட்ட?"



"மூணு வருசம் இருக்கும். நெட்டுல கதையப் படிச்சிட்டுத்தான் உங்களக் கூப்பிடுவேன். இன்னைக்கு அதுக்கும் நேரமில்ல. கேப்டன் எப்படியும் வாராவாரம் அழுவார்லன்னு சொல்லிட்டேன்." அப்புறம் குரல் இறங்கியது. "அது இல்லாட்டி உங்ககிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல அப்பச்சி."

எனக்கும் தெரியவில்லை. காலையில் தூங்கிவிட்டதை நானும் ஒப்புக்கொண்டு போனை வைத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்கக் கடையில் வேலை ஓடவில்லை. இனிமேல் எதைச் சாக்கு வைத்துக் கூப்பிடுவாள்?

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"சாப்டீகளா அப்பச்சி?"

"இட்லி. நீ?"

"பிரெட்டு."

அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சரக்குத் தீர்ந்துவிட்டது. 'வேற என்ன?' என்று வாய்வரை வந்துவிட்டது. அதைக் கேட்டால் அடுத்தது 'சரி, வைக்கிறேன்'தான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவளும் அதைக் கேட்கவில்லை. அங்கே அவள் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றுவது எனக்குக் கேட்டது. இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.