கடல் பக்கத்து ஜன்னல்

"டைப் அடிக்கிற அம்மா நீங்கதானுங்களா?"

"ஆமா. நீங்க யாரு பாய்?"

"ஜலீல். ஏழு ரோடு முக்குல காரு வாடகைக்கு விடுறேன். இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வேணும். சிலோனுக்கு."

"அங்க யாருக்கு?"

"இந்தா, இந்தப் பேப்பர்ல வெளம்பரம் இருக்கு பாருங்க. சீசனுக்கு வந்த சிலோன்காரங்க விட்டுட்டுப் போனது. கொழும்புல காரு வாடகைக்குத் தர்றானாம். அவனுக்கு."

"நீங்களே காரு வாடகைக்கு விடுறவரு. உங்களுக்கு எதுக்கு வாடகைக் காரு?"

"என் வண்டி கடல்ல மெதக்காதுங்களே."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. தாளைச் செருகிக்கொண்டு கேட்டேன்.

"டிரைவரோடயா?"

"டிரைவர் வேண்டாம். அதை மொத வரியிலயே போட்டுருங்க. நானே ஓட்டிக்குவேன்."

"வழி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லதுதானே பாய்?"

"வழியா? எந்த ஊருக்குப் போறோம்னே எங்களுக்குத் தெரியாது." அவர் குல்லாவைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "வீட்டுல பதுருன்னிசா இருக்காளே, அவ பொறந்தது சிலோன்ல. ஒன்பது வயசுல அவ உம்மா மௌத்தாயிட்டாங்க. கடலோரமா அடக்கம் பண்ணிட்டு, இவளைக் கூட்டிக்கிட்டு அவ வாப்பா பழனி வந்துட்டாரு. ரெண்டு வருசத்துல அவரும் போயிட்டாரு. ஊர் பேரக் கேட்டு வெச்சுக்க ஆள் இல்ல. அந்தக் கபரைத் தேடித்தான் போறோம்."

"பேர் தெரியாம எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பாத்தா தெரியும்ங்கிறா. அவ 'நிறுத்துங்க'ன்னு சொல்லணும், நான் நிறுத்தணும். அவ்வளவுதான் சோலி. ஆனா வெளி ஆம்பள ஒருத்தன் வண்டியில இருந்தா அவ வாயத் தொறக்க மாட்டா. ஊரே தாண்டிப் போனாலும் சும்மா ஒக்காந்திருப்பா. அதான் டிரைவர் வேண்டாங்கிறேன்."

1958-ஆம் வருடம், மழை ஓயப்போகிற மாதம் அது. நான் அந்த மலை ஊரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் எல்லோரும் போன பிறகு, ஜன்னல் கண்ணாடியில் பனி வந்து ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், அந்தக் கடிதத்தை அடித்துக் கொடுத்தேன். டிரைவர் தேவையில்லை என்பதை முதல் வரியில் போட்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மெட்ராஸ் லைசென்ஸ் செல்லும், ஆஸ்டின் கார் ஒன்று ஆறு நாளைக்குக் கிடைக்கும் என்று எழுதியிருந்தார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டவர் கடைசியில், "சக்கரத்துக்கு வெக்கக் கல்லு தருவாங்களான்னு போட்டிருக்கா?" என்றார்.

"அப்படி ஒண்ணும் இல்ல பாய்."

"அப்ப நம்ம கல்லையே எடுத்துக்கிட்டுப் போயிர வேண்டியதுதான்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஜலீலின் அத்தா அடுக்கம் மலைக்கிராமத்திலிருந்து பெரியகுளத்துக்குக் கோவேறு கழுதைகளில் பூண்டு மூட்டை இறக்கியவர். ஜலீல் பதினெட்டு வயதில் லாரியில் ஏறினார். பதினைந்து வருடம் மலைப்பாதையில் ஓட்டிய பிறகு, ஊரைவிட்டுப் போகிற ஒரு டாக்டரிடமிருந்து பழைய மோரிஸ் காரை வாங்கினார். அதைத் தாமே ஓட்டிக்கொள்ள விரும்புகிற சீசன்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். சும்மா சாவியைக் கொடுத்துவிட மாட்டார். முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்லுவார். வளைவுகளில் ஹாரன் அடிக்காதவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும், "மன்னிச்சிருங்க சார், வண்டிக்கு ஒடம்பு சரியில்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தேறியவருக்குச் சாவியோடு ஒரு கல்லும் தருவார். பள்ளங்கி ஓடையிலிருந்து எடுத்து வந்த கறுப்புக் கல். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். எங்கே வண்டியை நிறுத்தினாலும் இறங்கிய உடனே பின்சக்கரத்துக்கு அடியில் அதை வைத்துவிட வேண்டும்.

"ஹேண்ட் பிரேக் இருக்கே பாய்" என்றால், "அது மனுசன் செஞ்சதுங்க. கல்லு அல்லா செஞ்சது" என்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பதுருன்னிசா கல்யாணமாகி முதல்முதலாக மலை ஏறியபோது, வண்டி ஜன்னல் வழியே பாதாளத்தைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து ஜலீல், தானே ஓட்டிப் போகிற சவாரியில் பெண்கள் ஏறினால், பள்ளம் இருக்கிற பக்கத்து ஜன்னலில் தன் துண்டைக் கட்டித் தொங்கவிடுவார். கீழே இறங்கும்போது ஒரு பக்கம், மேலே ஏறும்போது மறுபக்கம். மலைப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள், பாறையும் செடிகொடியும் அழகாக இருக்கும் என்பார். பல பெண்கள் அந்தத் துண்டுக்காகவே அவருடைய வண்டியைக் கேட்டு வந்தார்கள்.

தை மாதம் போய், மாசியில் திரும்பி வந்தார்கள். நடந்ததை எனக்குச் சொன்னது பதுருன்னிசாதான். ஜலீலின் கார்க்கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பால் விடாத தேநீரைக் கொடுத்துவிட்டு, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கணவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். அவர் இருந்தார்.

தலைமன்னாரில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். என்ன இது என்று கேட்டதற்கு, "பிரேக்குங்க" என்று ஜலீல் சொல்லியிருக்கிறார். அதிகாரி பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பத்திரமாகத் திருப்பி வைத்தாராம்.

கொழும்பில் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போகும் கடற்கரைச் சாலையில் கிளம்பினார்கள். அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லும்போது பதுருன்னிசாவின் குரல் இறங்கிவிடும். தூக்கத்தில் ஓட்டுகிற மாதிரி வண்டி போனதாம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. தென்னைகளின் நிழல் சாலையில் வரிவரியாகக் கிடக்க, வெளிச்சமும் இருட்டும் முகத்தின் மேல் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. லவங்கப்பட்டை உரிக்கிற வாசனை வந்தது, பிறகு கருவாட்டு வாசனை, பிறகு மழை பெய்யாமலே மழை வாசனை. சமதரையிலும் ஜலீல் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். மீன்காரர்கள் யாரோ மந்திரி வருகிறார் என்று ஒதுங்கி நின்றார்கள்.

பதுருன்னிசா பின்சீட்டில் இடது பக்கம், தரைப்பக்கமாக உட்கார்ந்திருந்தார். அவர் தேடியது ஒரு வீட்டை. கீழே கடை, மேலே மாடி, மாடியில் பச்சை ஜன்னல். அந்த ஜன்னலில் நின்றுதான், தன் உம்மாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் சாலையைத் தாண்டிக் கடல் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறார். பச்சை ஜன்னல் தெரிந்த இடத்திலெல்லாம் "நிறுத்துங்க" என்றார். வண்டி நின்றது. ஜலீல் இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லை வைத்தார். பார்த்தால் அது வேறு வீடு. கல்லை எடுத்தார், மறுபடி கிளம்பினார். காலி, மாத்தறை, அதற்கும் அப்பால் உப்பளங்கள் வரை ஐந்து நாள் இப்படியே போனார்கள்.

வலது பக்கம் கடல். சாலை சில இடங்களில் அலைக்கு மேலேயே ஒட்டிக்கொண்டு போயிற்று. ஜலீலுக்கு அது பள்ளமாகத்தான் தெரிந்திருக்கிறது. முதல் நாள் காலையிலேயே அந்தப் பக்கத்து ஜன்னலில் துண்டைக் கட்டிவிட்டார். மனைவியைக் கேட்கவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளத்தின் பக்கம் துண்டு தொங்குவது அவருக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஆறாவது நாள் திரும்பினார்கள். அன்று மாலைக்குள் கொழும்பில் காரை ஒப்படைத்துவிட்டு ரயில் ஏற வேண்டும். அதற்கு மேல் விசா இல்லை. இப்போது கடல் இடது பக்கம், பதுருன்னிசாவின் பக்கம் வந்துவிட்டது. ஜலீல் வெள்ளனே எழுந்து துண்டை இந்தப் பக்கம் மாற்றிக் கட்டினார். ஆனால் வழியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. மூடியைத் திறக்கக் கை சுடாமலிருக்க ஒரு துணி வேண்டும். துண்டை அவிழ்த்துச் சுற்றித் திறந்தார். நனைந்து கறையான துண்டை டிக்கியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

"அப்புறம் கொஞ்ச நேரத்துல பாத்தேன்மா" என்றார் பதுருன்னிசா. "கடலுக்குள்ள ஒரு பாறை. பசு படுத்திருக்கிற மாதிரி. முதுகுல மூணு தென்னை. அந்தப் பாறையப் பாத்துக்கிட்டேதான் நான் தெனமும் சோறு தின்னேன்."

"ஏங்க, நிறுத்துங்க!" என்று அவர் கத்தியதில் ஜலீல் பயந்தே போனாராம். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "கல்யாணமான நாள்லருந்து அன்னிக்குத்தான் இவ கொரலையே கேட்டேன்."

"ஆமா, அதுக்கு முன்னால பேச விட்டீங்களாக்கும்" என்றார் பதுருன்னிசா.

சாலைக்கும் கடலுக்கும் நடுவே, கபர்கள் நிறைந்த மையவாடி இருந்தது. வீடு இல்லை; அது இருந்த இடத்தில் கொட்டகை போட்டுத் தேங்காய் நார் அடித்துக்கொண்டிருந்தார்கள். சில நாளைக்கு முன் இதே வழியில் போனபோது தரைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அவருக்கு அந்த நார்க்கொட்டகை எதையும் சொல்லவில்லை. பாறையையும் மையவாடியையும் துண்டு மறைத்துவிட்டது.

கையில் அரைமணி நேரம் இருந்தது. பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கம் இல்லை. பதுருன்னிசா சாலையைத் தாண்டி, தன் ஜன்னல் இருந்திருக்கக்கூடிய இடத்துக்கு நேர் கீழே போய் நின்றார். ஜலீல் சக்கரத்துக்கு வைக்கக் கையில் எடுத்த கல்லோடு, அதை வைக்கவும் மறந்து, மையவாடிக்குள் நடந்தார். அன்று ஜன்னலிலிருந்து பார்த்தபோது உம்மாவின் குழி அந்தப் பாறைக்கு நேராகத் தெரிந்திருந்தது; அதை வைத்து இங்கிருந்து பதுருன்னிசா கை காட்டினார். பின்னுக்கு வருகிற லாரிக்கு வழி சொல்வதுபோல, வா, வா, கொஞ்சம் கடல் பக்கம், இல்லை, ரோட்டுப் பக்கம், நேரா. கணவரின் தலையும் பாறையும் ஒரே கோட்டில் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். ஜலீல் நின்ற இடத்தில், காலடியில், மணல் மூடிய ஒரு மேடு இருந்தது. தலைமாட்டில் மீசான் கல் இல்லை. எப்போதோ சாய்ந்து மண்ணுக்குள் போயிருக்கலாம். கையிலிருந்த பள்ளங்கிக் கல்லை அங்கே ஊன்றி வைத்தார். சாலையில் நின்றபடியே பதுருன்னிசா பாத்திஹா ஓதினார். நார்க்கொட்டகைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, எதுவும் கேட்காமல், அவர் முடிக்கும் வரை நின்றார்கள்.

பிறகு கிளம்பிவிட்டார்கள். ஜலீல் மைல் கல்லை மட்டும் பார்த்துக்கொண்டார். எண்பத்தேழு. ஊர்ப் பெயரைக் கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"அஞ்சு நாளு" என்றார் ஜலீல், திரைக்குப் பின்னாலிருந்து.

"விடுங்க" என்றார் பதுருன்னிசா.

அந்தக் கோடையிலிருந்து மோரிஸ் ஜன்னலில் துண்டு தொங்கவில்லை. பெண்கள் கேட்டால் ஜலீல், "பாத்துக்கிட்டே வாங்கம்மா, மயக்கம் வந்தா நிறுத்துறேன்" என்பார். சிலர் முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பள்ளங்கி ஓடையிலிருந்து வேறொரு கல் வந்தது. மழை விட்ட காலைகளில், மேகம் பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்து கிடக்கும்போது, ஜலீல் வண்டியை எடுத்து மனைவியைப் பள்ளத்தின் பக்கம் உட்காரவைத்து, பெரியகுளம் பக்கம் பார்க்கிற விளிம்பு வரை கூட்டிப்போவார். ஒரு முறை நானும் பின்சீட்டில் போனேன். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குன்றின் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை போகும்போது மையவாடிப் பக்கத்திலேயே ஆறு நாளும் தங்கிவிட வேண்டும் என்று மட்டும் பதுருன்னிசா சொன்னார்.

அடுத்த தடவை வரவில்லை. முதலில் வண்டிக்கு மராமத்து, பிறகு பதுருன்னிசாவுக்கு மூட்டுவலி, பிறகு விசாவுக்கு ஏதேதோ தாள்கள். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்த செய்தி வந்தது. அவர்கள் கப்பல் ஏறிய துறையே போய்விட்டது.

தை பிறந்து சில நாள் கழித்து, மாலையில் ஜலீல் அலுவலகத்துக்கு வந்தார். முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, குல்லாவை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஒரு லெட்டர் வேணும்மா. இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் அடிச்சிருங்க. யாரு பிரிச்சாலும் புரியணும்."

"யாருக்கு பாய்?"

"கொழும்புலருந்து தெக்க போற ரோட்டுல, எண்பத்தேழாவது மைல் கல்லுக்குப் பக்கத்துப் பள்ளிவாசல். அப்படியே போடுங்க. போஸ்ட்மேன் கண்டுபிடிச்சிருவான்."

நான் தாளைச் செருகினேன்.

"இனி நாங்க போய்ப் பாக்க முடியாது. எனக்கு வேற கவலை இல்ல. டிரைவர்மாரப் பத்தி எனக்குத் தெரியும். வண்டி நின்னுபோச்சுன்னா ரோட்டோரத்துல சக்கரத்துக்கு வாகா எந்தக் கல்லு கெடக்குன்னுதான் மொதல்ல கண்ணு போகும். அந்தக் கல்லு வேற அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். அது வண்டிக் கல்லு இல்ல, ஒரு தாயோட தலைமாட்டுக் கல்லுன்னு எழுதுங்க. அவசரத்துக்கு எவனாவது தூக்கிட்டான்னா திட்ட வேண்டாம்னும் எழுதுங்க. சோலி முடிஞ்சதும் வெரசா அதே எடத்துல வெச்சிரச் சொல்லுங்கம்மா. நார்க்கொட்டகைகிட்ட ஒரு ஆளு நின்னு கை காட்டட்டும். பாறைக்கு நேரா இருக்கான்னு பாத்து வெக்கச் சொல்லுங்க."