நிறம் மாறாத நீல மருந்து

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்து வைப்பேன், கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் நிறம் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் என் புருஷனுக்குச் சீனி வருத்தம் என்று கண்டபோது, கல்முனை டாக்டர் ஒரு நீல மருந்தை என் கையில்தான் தந்தார். கண்ணாடிக் குழாயில் மருந்தை ஊற்றி, எட்டுத் துளி சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் சீனி ஏறிவிட்டது.

"சாப்பாடும் நடையும்தான் பெரிய மருந்து" என்றார் டாக்டர்.

அன்றே சீனிப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்தேன். அவர் தொடாத சீனியை நானும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். குரக்கன் மாப் பிட்டு, கீரை, அளந்து ஒரு கோப்பைச் சோறு. பெருநாளுக்குக்கூட இனிப்பென்று ஒரு வட்டிலப்பம் அவிக்கவில்லை. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரையால் நடக்க அனுப்பினேன்.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண்கள் பெண் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பிறந்த வீடு சகோதரிக்குப் போய்விடும். அவருடைய தங்கையின் வீடு கடற்கரையோரம். நடந்து முடித்து அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார். அவருடைய உம்மா வாழ்ந்த வீடு, போகட்டும் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் சிறுநீர்ப் போத்தலையும் அங்கேயே நிரப்பிக்கொண்டு வருவார். நான் காய்ச்சுவேன்.

"என்ன புள்ள, நீலமா?"

"நீலம்தான்."

"எல்லாம் ஒன்ட கைராசி!"

இரண்டு வருடம் நீலம். அயல் வீட்டுப் பெண்களிடம் நான் பெருமையடித்ததும் உண்மை.

பிறகு அவர் காலில் சிப்பி வெட்டியது. சீனி இல்லாத உடம்பு, தானாக ஆறும் என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினேன். பெருவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே அதே நீல மருந்து செங்கல்லாகச் சிவந்தது.

"வீட்டில என்னதான் குடுக்கிறீங்க?" டாக்டர் என்னைத்தான் ஏசினார்.

என் புருஷன் சுவரைப் பார்த்தார். கட்டிலருகே நின்ற அவருடைய தங்கைதான் வாய் திறந்தாள். அண்ணனைக் காக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"காக்காக்குச் சீனி இல்லாமத் தேத்தண்ணி இறங்காது மச்சி. காலையில ரெண்டு கோப்ப, இனிப்புக்கு ஒரு துண்டு தொதல். அதுக்கு மேல நான் குடுக்கல்ல."

"அப்ப வெள்ளிக்கிழமைப் போத்தல்?"

"அது... என்ட. நீங்க ஏசுவீங்கெண்டு காக்கா கேட்டாரு."

இரண்டு வருடமாக அவளுடைய சிறுநீரைக் காய்ச்சி அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று, "புள்ள, சீனி போடாமத் தேத்தண்ணி ஒண்டு தாவன்" என்று பணிவாகக் கேட்டார். கொடுத்தேன். எனக்கு ஒரு கோப்பை ஊற்றி, கடையில் புதிதாக வாங்கிவந்த சீனியில் அவர் பார்க்கவே இரண்டு கரண்டி போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. அவருக்காக என் நாக்கு இனிப்பையே மறந்திருந்தது.

"கூடிப்போச்சோ?" என்றார்.

கோப்பையை முற்றத்தில் ஊற்றினேன். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து கக்கூஸ் வாசலில் நானே நின்று போத்தலை வாங்கினேன்.