எல்லாப் பழியும் செல் துண்டுக்கு

என் கணவரின் பிடரியில் யுத்த காலத்தில் வெடித்த எறிகணையின், செல்லின், துண்டொன்று இன்னும் இருக்கிறது. எடுத்தால் ஆபத்தென்று விட்டுவிட்டார்கள். நாங்கள் அதைப் 'பீஸ்' என்போம். மாரி தொடங்கினால் அந்த இடம் குத்தும், தலையும் இடிக்கும். இரண்டு பனடோல் மாத்திரையோடு அடங்கிவிடும்.

சென்ற மாரியில் தலையிடியோடு காய்ச்சலும் சேர்ந்தது. "வயலில நனைஞ்சது. அதோட பீஸும் குத்துது. சும்மா பயப்பிடாதையும்" என்றார். நானும் நம்பிப் பிடரிக்குத் தைலம் பூசிவிட்டேன்.

மறுநாள் காலை குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தார். யன்னலைத் திறந்தால் வெளிச்சம் தாங்காமல் போர்வையை இழுத்து மூடினார். கஞ்சி பருக்கத் தலையைத் தூக்கினேன். கழுத்து மடியவில்லை, முதுகும் சேர்ந்து பலகைபோல எழும்பியது. இத்தனை வருடத்தில் பீஸ் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. உருத்திரபுரத்திலிருந்து ஓட்டோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினேன்.

"பழைய பீஸ்தான் டொக்டர்" என்று அங்கேயும் முனகினார். டொக்டர் அவருடைய தலையை மெல்ல முன்னால் வளைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது பீஸால வாற வருத்தம் இல்லை அம்மா. மூளைக்காய்ச்சல் எண்டு நினைக்கிறன். பிந்தியிருந்தா கஷ்டம்."

முதுகுத்தண்டில் நீர் எடுத்துச் சோதித்ததில் அதுவே உறுதியானது. தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார்.

இந்த மாரியும் வந்துவிட்டது. தலையிடி என்றால் முதலில் அவருடைய நெற்றியில் கை வைக்கிறேன். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சில் முட்டச் சொல்கிறேன். காய்ச்சலோ சத்தியோ இருந்தால், கழுத்து மடிந்தாலும் ஆசுபத்திரிதான்.

"பீஸ்தானப்பா" என்பார்.

"அதை டொக்டர் சொல்லட்டும். கொடியில கிடக்கிற சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ" என்பேன்.