பொத்தான் இல்லாத போர்டு

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் இரண்டு நாற்பது. காற்று அசையாத மேகமூட்டம். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தூக்கக் கலக்கத்தில் கண்ட கனவென்று யாரும் இதைத் தள்ளிவிடக் கூடாது. இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. அப்போது நான் முழு விழிப்பிலும் கடுங்கோபத்திலும் இருந்தேன். கோபம் தலைக்கேறியவளைப் பயம் அண்டாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

மின்னணுச் சாதனங்களைச் சோதித்துச் சான்றளிப்பது என் வேலை. தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் அணிய எங்கள் நிறுவனம் ஒரு பதக்கம் செய்திருந்தது. அதன் நடுவில் ஒரு பொத்தான். அழுத்தினால் உதவி மையத்துக்கு அழைப்புப் போகும். உள்ளே இருப்பது புதுத் தலைமுறைச் சில்லு. தூங்கும் நேரத்தில் மின்சாரத்தை முகர்ந்து பார்ப்பதோடு சரி, குடிக்காது. அணிந்திருப்பவர் விழுகிறாரா, உட்காருகிறாரா என்று தானே கற்றுப் பிரித்தறியும். நாணயம் அளவு பேட்டரி மூன்று ஆண்டு தாங்கும். நூறு பேரிடம் வெள்ளோட்டத்துக்குக் கொடுத்தாயிற்று. இருபதாயிரம் பதக்கங்கள் வெளியே போக என் கையெழுத்து மட்டுமே பாக்கி.

வடிவமைப்புத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்ரோ. ஒரு மைக்ரோ ஆம்பியர் மின்சாரம் மிச்சமாகும் என்றால் ஊரையே தாலாட்டித் தூங்க வைத்துவிடுவார். வெள்ளோட்டத்தில் இருந்த பதக்கங்களுக்கு அவர் சென்ற மாதம் இரண்டு விதிகளை அனுப்பியிருந்தார். அரை நொடிக்குக் குறைவான அழுத்தம் தற்செயலானது. பதிவே செய்யாமல் விட்டுவிடு. முப்பது நொடிக்கு மேல் நீளும் அழுத்தம், பொத்தான் சிக்கிக்கொண்டதால் வருவது, அதையும் விட்டுவிடு. விரலை எடுத்த பிறகே, எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்று பதக்கம் கணக்கிடும்.

"கையில வலு இல்லாதவங்க லேசாத்தானே சார் அமுக்குவாங்க?" என்றேன்.

"மேடம், பாட்டிங்க புரண்டு படுத்தாக்கூட போன் கால் போகுது. சென்டர்ல என் உயிரை எடுக்கிறாங்க. இப்ப பொய் அழைப்பு பாதியாயிடுச்சு, தெரியுமில்ல?"

"குறைஞ்சது எல்லாமே பொய் அழைப்புதான்னு யார் பாத்தா?"

"உங்களுக்குச் சோத்துல கல்லு இல்லேன்னா தூக்கமே வராதே! வெள்ளிக்கிழமை பத்து மணி. கையெழுத்தோட வாங்க."

கவச அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன். அது செப்புத் தகடு போர்த்திய அறை. வெளியிலிருந்து எந்த வானொலி அலையும் உள்ளே நுழையாது. கைப்பேசி உள்ளே செத்த பொருள். சுவரெங்கும் கூம்பு கூம்பாகக் கறுப்புப் பஞ்சு. அது ஒலியையும் விழுங்கிவிடும். நம் மூச்சு நமக்கே அந்நியமாகக் கேட்கும்.

மேசையில் பதக்கத்தின் வெற்று மின்சுற்றுப் போர்டு இருந்தது. இன்னும் பொத்தான் பற்றவைக்கப்படவில்லை. அது வரவேண்டிய இடத்தில் இரண்டு செப்புத் திட்டுகள். அவற்றில் ஒன்றில், மின்னழுத்தத்தைக் கோடாக வரையும் ஆஸிலோஸ்கோப்பின் முனையை மாட்டினேன். திரையில் மேலே ஒரு நேர்கோடு. பொத்தானை அழுத்தினால் அது கீழே விழும். பொத்தானே இல்லாததால் விழ வழியில்லை.

மணி மூன்று ஏழு. கோடு விழுந்தது.

கால் நொடிக்கும் குறைவு. உடனே எழுந்துவிட்டது. நிலைமின்சாரமாக இருக்கும் என்று தரையிணைப்புக் கம்பியைத் தொட்டேன். மீண்டும் விழுந்தது. முனையை மாற்றினேன். விழுந்தது. கம்பிகளைச் சரிபார்த்தேன். விழுந்தது. மைக்ரோ அனுப்பிய போர்டுதானே, இதுவும் அரைகுறை வேலை என்று வாய்விட்டுத் திட்டினேன்.

பிறகு, போர்டுக்குப் போகும் மின்சாரத்தையே பிடுங்கினேன்.

கோடு தரையில் கிடக்க வேண்டும்.

அது மேலேயே நின்றது. நின்று... விழுந்தது.

டக்.

இம்முறை ஒலியும் கேட்டது. சிறு பொத்தான் ஒன்று உள்ளே போய் வெளியே வரும் ஒலி. அந்த அறையில் அப்படிப்பட்ட பொத்தான் எதுவும் இல்லை.

டக்... டக்... டக்.

ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் குறுகியிருந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. கருவி பழுதானால் இப்படிச் செய்யாது. இது களைப்பு. விரலின் களைப்பு.

கதவைத் திறந்தேன். தாராளமாகத் திறந்தது. தாழ்வாரத்தில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் இருந்தது. ஓடியிருக்கலாம்.

பின்னால்... டக்.

அழுத்துகிறவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. திரும்பினேன். கதவைச் சாத்தினேன்.

நான்கு இருபத்தாறு. கோடு விழுந்தது.

எழவில்லை.

ஒரு நொடி. பத்து நொடி. முப்பது.

'பொத்தான் சிக்கிக்கொண்டது, விட்டுவிடு.'

அப்போது மேசைக்கு அடியில் கேட்டது...

மூச்சு.

தரையில் கன்னம் பதித்துக் கிடப்பவரின் மூச்சு.

குனிந்து பார்க்கவில்லை.

கால்களை நாற்காலிமேல் இழுத்துக்கொண்டேன்.

மூச்சு...

மூச்சு...

பிறகு இல்லை.

கோடு மட்டும் கீழேயே கிடந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டு. சட்டென்று மேலே எழுந்தது. அடுத்த கணம் திரை இருண்டது.

வெளியே வந்து மைக்ரோவிடம் சொன்னேன். அவர் ரசித்துக் கேட்டார்.

"பேய் வந்து பட்டனை அமுக்குச்சா? கவலைய விடுங்க, அதுக்கும் ஒரு ரூல் போட்டுடலாம்."

அவரை அறையாமல் வந்தது என் வாழ்வின் பெரிய சாதனை.

வியாழக்கிழமை, வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவி என் அறைக்கு வந்தார். பதினைந்து ஆண்டுப் பழக்கம். அவரை அக்கா என்பேன்.

"நம்ம வெள்ளோட்டத்துல இருந்த ஒரு பெரியவர் தவறிட்டாரு. செவ்வாய்க்கிழமை, வீட்டுல தனியா இருந்தப்ப. பதக்கத்துல இருந்த பதிவைப் படிச்சுப் பாத்தோம். ஒரு அழுத்தம்கூடப் பதிவாகலை. மைக்ரோ கடிதம் எழுதச் சொல்லிட்டாரு... 'உங்கள் தந்தை பொத்தானை அழுத்தவில்லை'ன்னு."

"அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. அவர் மகள்கிட்ட போன்ல மட்டும் சொல்லியிருக்கோம். ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே?"

பெரியவருடைய மகளின் எண்ணை வாங்கி நானே அழைத்தேன். சோதனைப் பிரிவிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"அப்பா ஏங்க அமுக்கலை?" என்று கேட்டார் மகள். "தினமும் போன்ல சொல்லிட்டே இருப்பேனே, ஏதாவதுன்னா அமுக்குப்பா, அமுக்குப்பான்னு. மறந்துட்டாரா? இல்ல, எனக்குத் தொந்தரவுன்னு நெனச்சிட்டாரா?"

"நீங்க பாத்தப்ப எப்படி இருந்தார்மா?"

"குளியலறைச் சுவரைப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சிருக்காரு. உங்க கருவிக்கு அவர் உக்காந்த மாதிரி தெரிஞ்சுதாம். குப்புறக் கெடந்தாரு. கை நெஞ்சுக்கு அடியில மாட்டியிருந்துச்சு. நான்தான் புரட்டினேன். புரட்டினதும் ஆம்புலன்ஸுக்கு அடிச்சேன். போன்ல மணி இருக்கு, ஒரு நிமிஷம்... அஞ்சு அம்பத்திரண்டு."

அந்தக் கோடு மேலே எழுந்த நேரம்.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றார். "அப்பாவோட வலது கட்டைவிரல் நுனியில வட்டமா ஒரு பள்ளம். அழுந்தி அழுந்திச் செவந்து போயிருந்துச்சு. அது எதுனாலங்க?"

நான் கண்டதைச் சொல்லவில்லை. பதக்கம் என்ன செய்தது என்பதைச் சொன்னேன். இரண்டு விதிகளையும் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்ப அவரு கூப்பிட்டிருக்காரு," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மைக்ரோவின் அறைக்குப் போனேன். என் கையிலிருந்த தாளைப் பார்த்ததுமே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"பாஸ்தானே?"

"போர்டு எல்லாச் சோதனையிலயும் பாஸ் சார். நீங்க சொன்னதை அட்சரம் பிசகாமச் செய்யுது. அதனாலதான் நிராகரிச்சிருக்கேன்."

"விளையாடாதீங்க. இருபதாயிரம் பீஸ். காரணம்னு என்ன எழுதுவீங்க? பேயா?"

"ரெண்டு விதி. ரெண்டும் உங்க கையெழுத்துல இருக்கு. அந்தப் பொண்ணுக்குப் போக வேண்டிய கடிதத்தையும் மாத்தி எழுதி இதோட இணைச்சிருக்கேன். 'உங்கள் தந்தை அழைத்தார், நாங்கள்தான் கேட்கவில்லை.' அதுவும் இன்னைக்கே போகுது."

"உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல, மேடம்."

"தெரியும் சார்."

கையெழுத்திட்ட தாளை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. நான் என் கையை இறக்கவில்லை. கடைசியில், வாங்கிக்கொண்டார்.