விலை சொன்ன பிறகு வாய் திறக்காதவள்

தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் போனிலேயே விற்பது அவள் வேலை. ஆபீசில் 'தேன்குரல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடத்தில் அவள் படித்த பெரிய வித்தை ஒன்றே ஒன்று: விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்வது. அதற்கப்புறம் யார் முதலில் பேசுகிறாரோ அவர் தோற்றார். முக்கால்வாசி நேரம் வாடிக்கையாளர்தான் மௌனம் தாங்காமல், "சரி, அனுப்புங்க" என்பார்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு ஞாயிறு காலை ஒருவன் விலை சொன்னான்.

எல்லாம் கணவரின் கடைக்காகத்தான். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இத்தனை காலம் அடுத்தவர் கடையில் கூலிக்கு உழைத்தவருக்குத் தெருமுனையில் ஒரு கடை வாடகைக்கு வந்தது. மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கை நழுவிவிடும். மாதச் சம்பளக்காரியான அவள் பெயரில் கடன் கேட்டுப் போனால், பேங்க் அதிகாரி அவளுடைய கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாலு வருடம் முன்பு மகள் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழைய கடன் ஒன்றில் மூன்று மாதத் தவணை கட்டவில்லை. அது உண்மை. ஆனால் ஸ்கோர் அதற்கும் கீழே பாதாளத்தில் கிடந்தது.

கணவர் எங்கிருந்தோ ஒரு நம்பரைப் பிடித்துவந்தார். "ஒரே வாரத்துல ஸ்கோரை ஏத்திடுவாங்களாம். நீயே பேசு."

சமையலறை மேஜையில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"கவலையே படாதீங்கக்கா. பழைய பாக்கி, விட்டுப்போன தவணை எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிடலாம். இன்னைக்கு மட்டும் எட்டாயிரம். முன்பணமா அனுப்பிடுங்க."

அதோடு நிறுத்திக்கொண்டான்.

தேன்குரலுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடப்பாவி, இது நம்ம வித்தையாச்சே. அவளும் வாயைத் திறக்கவில்லை. கால் நிமிடம். அரை நிமிடம். கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'சரி' என்று சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்ததும், தட்டிலிருந்த பிஸ்கட்டை அப்படியே அவர் வாயில் திணித்தாள். அவர் முழியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். ஒரு நிமிடம் ஆயிற்று.

"அக்கா... லைன்ல இருக்கீங்களா? சரி, உங்களுக்காக நாலாயிரம்."

தோற்றான். தேன்குரலுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"தம்பி, என் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா?"

"பணம் வந்ததும் பாப்போம்க்கா."

"மூணு தவணை நான் நெஜமாவே கட்டலையே. அது எப்படி அழியும்?"

"அதுக்கெல்லாம் உள்ள ஆள் இருக்கு."

"அப்படின்னா வேலை முடிஞ்சதும் காசு தரேன். என்ன செய்யப்போறீங்கன்னு முதல்ல எழுதிக் குடுங்க."

போனை வைத்துவிட்டான்.

கணவர் பிஸ்கட்டை மென்று விழுங்கினார். "நல்ல ஆளை விரட்டிட்டியே."

"நானே மெஷினைக் காட்டிட்டுதாங்க காசு கேக்கறேன். இவன் எதைக் காட்டினான்?"

சூடு ஆறுமுன் தன் ரிப்போர்ட்டை அவளே போனில் எடுத்துப் பார்த்தாள். காலணா செலவில்லை. தவணையில் வாங்கி, இரண்டு வருடம் முன்பே கட்டி முடித்த போன் ஒன்று, இன்னும் கட்டாத பாக்கியாக உட்கார்ந்திருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவளுக்கு. மறுநாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தவணை கொடுத்த கம்பெனிக்கு ஓடிப்போய் 'பாக்கி இல்லை' என்று கடிதம் வாங்கினாள். அதை வைத்து, ஸ்கோர் போடும் நிறுவனத்திடம் புகார் போட்டாள். அதற்கும் கட்டணம் இல்லை. தெருமுனைக் கடையின் சொந்தக்காரரிடம் தேனொழுகப் பேசி, அட்வான்ஸுக்கு ஒரு மாத அவகாசமும் வாங்கிவிட்டாள்.

அதன்பிறகு தினமும் நாலு தடவை ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பாள். இருபத்தாறாம் நாள் அந்த வரி மாறியிருந்தது. காதில் மாட்டிய ஒயர் இழுக்க, ஆபீசில் இருக்கையை விட்டு எழுந்தே விட்டாள். ஸ்கோர் ஏறியிருந்தது.

கணவரோடு பேங்குக்குப் போனாள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"எல்லாம் சரிம்மா. இந்த மூணு மாசம்தான் உறுத்துது. இது மட்டும் இல்லாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றாள். "அந்த மூணு மாசமும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்துதான் எங்க பொண்ணு பொழைச்சா. அது அங்கயே இருக்கட்டும்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். கேட்டதில் முக்கால் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பொண்ணு இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டார்.